ஒன்பதாவது லிங்கம்

ஓடாது என்று நன்றாகத் தெரிந்தும் ஒரு வண்டியை வாங்கி வீட்டுக்கு இழுத்து வருகிறவனுக்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் உண்டு. அதை அச்சில் போட முடியாது. அன்றைக்கு என் அம்மா அந்தப் பெயரை வாசலில் நின்று, தெருக்கோடி வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். சொன்னதில் நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொள்ள எனக்குத்தான் கொஞ்ச காலம் பிடித்தது.

நான் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறவன். ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் என்னிடம் வண்டி எடுத்துக்கொண்டு போய், எங்காவது ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, மனசு அமைதியாகி, வண்டியை எங்கே நிறுத்தினோம் என்பதை மறந்துவிட்டு நடந்து திரும்புவார்கள். தொலைந்த வண்டியைத் தேடிக் கண்டுபிடிப்பது என் தொழிலில் பாதி. மீதிப் பாதி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஊதி மறுபடி மாட்டுவது. இந்த ஊதுகிற ஞானத்தை வைத்துக்கொண்டு, எனக்கு எல்லா வண்டியும் அத்துப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (இரண்டு சக்கரம் தெரிந்தவனுக்கு ஆறு சக்கரம் தெரியாதா? மூன்றால் பெருக்கினால் போச்சு.)

இப்போது என் மாமனாரைச் சொல்ல வேண்டும். பெயர் ஏழுமலை. பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையில் வீடு, பக்கத்திலேயே மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற கொஞ்சம் நிலம். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கும். பனி மூடிய மலை, அதற்கு முன்னால் மூக்கு நீண்ட ஒரு மிலிட்டரி லாரி, அதன் மேல் சாய்ந்தபடி முறுக்கிய மீசையோடு இவர். தன் ஒரே மகளுக்கு ஒரு பட்டாளத்துக்காரனைத்தான் பார்ப்பேன் என்று இருந்த மனிதர். மகள் கலா என்னைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவர் சண்டை போடவில்லை. கல்யாணத்தை முறையாக நடத்தினார், பந்தியில் ஒவ்வொருவரையும் விசாரித்தார். ஆனால் என்னை மட்டும் ‘மாப்ள’ என்று கூப்பிடவில்லை.

“அவரு காப்பி குடிப்பாரான்னு கேளு” என்பார் கலாவிடம். அந்த ‘அவரு’வான நான் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். “குடிக்கிறேங்க மாமா” என்று நானே சொன்னாலும், கலா அதைத் திருப்பிச் சொல்கிறவரைக்கும் அவர் காதில் விழாது. பால்காரரை மாப்ள என்பார். டிராக்டர் ஓட்டுகிறவரை மாப்ள என்பார். ஒருநாள் வேலியைத் தாண்டி வந்த பக்கத்து வீட்டு ஆட்டுக்கடாவைப் பார்த்து, “இன்னா மாப்ள, இங்க வந்துட்ட?” என்று கேட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சிரிக்காதீர்கள். ஆட்டுக்குக் கிடைத்த மரியாதை தனக்குக் கிடைக்கவில்லை என்றால் யாருக்கும் வலிக்கத்தான் செய்யும்.

மாமியார் சரோஜாவுக்கு வேறொரு குறை. அவர் கழுத்தில் தாலி ஏறியபோது மேளச் சத்தமே கேட்கவில்லை. மாமாவுக்குக் கிடைத்த லீவு கம்மி, அவசரத்தில் வைத்த முகூர்த்தம். மேளக்காரர்கள் இன்னொரு ஊர்க் கல்யாணத்தை முடித்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் மூணு முடிச்சும் விழுந்துவிட்டது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், கெட்டிமேளம் முழங்குகிற நேரத்தில் மாமியார் பக்கத்தில் இருப்பவரிடம், “நான் ஊமக் கல்யாணம் பண்ணிகினு வந்தவ” என்பார். மாமா கூரையைப் பார்ப்பார். “அறுபதாம் கல்யாணத்துக்கு ரெட்ட மேளம் வெக்கிறன். போதுமா?” என்று ஒருநாள் வாக்கும் கொடுத்துவிட்டார்.

அந்த அறுபது வந்தது. மாமா பிறந்தது பங்குனி உத்திரம். பங்குனியில் உத்திரம் வந்தால் பௌர்ணமியும் ஒட்டிக்கொண்டு வரும். பௌர்ணமி வந்தால் பாதித் தமிழ்நாடும் முக்கால் ஆந்திராவும் மலையைச் சுற்ற எங்கள் ஊருக்கு வந்துவிடும். அன்றைக்கு உள்ளூர்க்காரன் பால் வாங்குவதற்குக்கூட முந்தின நாளே போய்விடுவான். ஆனாலும் பிறந்த நட்சத்திரத்தில்தானே செய்ய வேண்டும்? செங்கம் ரோட்டில் மண்டபம் பிடித்தார்கள். ரெட்டை மேளம் சொன்னார்கள். கூட்டம் சேருவதற்குள் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று முடிவானது.

இதற்குச் சில மாதம் முன்னால்தான் அந்த லாரி என் கண்ணில் பட்டது.

ஒரு ஜெர்மன்காரர் வழக்கம்போல ஸ்கூட்டரை மறந்துவிட்டு வந்திருந்தார். “ஒரு பெரிய புகைபோக்கி, நிறைய அமைதி” என்று அடையாளம் சொன்னார். தேடிப் போனால், மணலூர்ப்பேட்டை ரோட்டில் ஒரு கைவிட்ட செங்கல் சூளை. ஸ்கூட்டர் அங்கேதான் இருந்தது. அதற்குப் பின்னால் வேலிக்காத்தான் புதருக்குள்ளிருந்து ஒரு நீண்ட மூக்கு வெளியே எட்டிப் பார்த்தது. முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். மாமா வீட்டுப் படத்தில் இருக்கிற அதே மூக்கு. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, இறங்கச் சொல்லிவிடுவானோ என்பதுபோலக் கொக்கரித்தது.

சூளைக்காரரிடம் விசாரித்தேன். பட்டாளத்து ஏலத்தில் எடுத்து, செங்கல் ஏற்றி ஏற்றி ஓட்டி, ஒருநாள் நின்ற இடத்திலேயே விட்டதாம்.

“இரும்பு வெலைக்கே எடுத்துகினு போங்க தம்பி. கோழிய மட்டும் வுட்டுட்டு போங்க” என்றார்.

டிராக்டர் கட்டி இழுத்துக்கொண்டு வரும்போதே மனதுக்குள் எல்லாம் ஓடிவிட்டது. அறுபதாம் கல்யாணத்தன்று மாமாவும் மாமியும் மாலையும் கழுத்துமாக இந்த லாரியில் மண்டபத்துக்கு வருகிறார்கள். மாமா இறங்குகிறார். கண் கலங்குகிறது. என் தோளில் கை வைத்து, “மாப்ள...” என்கிறார். இந்தக் காட்சியை நான் அவ்வளவு தடவை பார்த்துவிட்டதால், அது நடந்து முடிந்த விஷயம் மாதிரியே ஆகிவிட்டது.

வீட்டு வாசலில் அம்மாவிடம் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு, வண்டியை அங்கிருந்து போளூர் ரோட்டில் இருக்கிற பாஷா பாய் ஷெட்டுக்கு இழுத்துப் போனேன். ‘முடியாது’ என்ற சொல்லைப் பிறந்ததிலிருந்து கேள்விப்படாதவர் பாய். ‘முடிந்தது’ என்ற சொல்லையும்தான். லாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்ல சாப். கிரீஸ் கம்மி, அவ்ளோதான்” என்றார். பானெட்டைத் திறந்தோம். உள்ளே எஞ்சின் இருக்கிறதா என்பது உடனே தெரியவில்லை. குளவிக்கூடு, காய்ந்த சருகு, ஒரு பாம்புச் சட்டை. “பாம்பு கூட ட்ரெஸ் மாத்திகினு போயிருக்கு, நல்ல ராசியான வண்டி” என்றார் பாய்.

இறுகிப்போன எஞ்சினுக்குள் எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டோம். ஊறுகாய்கூட அதற்குள் ஊறியிருக்கும், அது ஊறவில்லை. நான் தினம் கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். “புள்ளத்தாச்சிய ஆஸ்பத்திரில சேத்துட்டு ஒக்காந்திருக்கற மாதிரி இருக்கு” என்று கலா கேலி செய்தாள். அழுகிப்போன பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை போட்டோம். பந்தல்காரரிடம் சொல்லி, பின்பக்கத்துக்குத் தார்பாய் தைத்தோம். டயர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரிலிருந்து வந்தது.

ஒருநாள் நான் உப்புத்தாள் வைத்துக் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சூளைக்காரர் அடித்த செம்மண் கலர் போயிற்று. அதற்கடியில் பச்சை தெரிந்தது. பச்சையின் மேல் வெள்ளையில் பட்டாளத்து நம்பரும், மேல்நோக்கிய ஓர் அம்புக்குறியும் மெல்ல எழுந்து வந்தன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எந்தெந்த மலையில் ஏறிய வண்டியோ, யார் யாரை ஏற்றிக்கொண்டு போன வண்டியோ! விளையாட்டில்லை, உண்மையாகவே அந்தக் கதவைத் தொட்டுக் கும்பிட்டேன். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் செம்மண் கலர் என்றுதான் இருந்தது. ஆனாலும் அந்த அம்பைப் பார்த்த பிறகு வேறு கலர் மனதுக்கு ஒப்பவில்லை. அச்சு அசலாக அதே பட்டாளத்துப் பச்சையை அடிக்கச் சொல்லிவிட்டேன்.

எஞ்சின் கடைசியில் ஒருநாள் உயிர் பெற்றது. புகையில் பக்கத்து டீக்கடை காணாமல் போனது. டீ மாஸ்டர் மட்டும் இருமிக்கொண்டே வெளியே வந்தார்.

இரண்டு கோளாறு மட்டும் சரியாகவில்லை. ஒன்று, ஹாரன். அமுக்கினால் அடிக்கும், ஆனால் நிற்காது. பானெட்டைத் திறந்து வயரைப் பிடுங்கினால்தான் நிற்கும். சத்தமும் சாதாரணச் சத்தமில்லை, பத்து எருமை ஒன்றாகக் கத்துகிற மாதிரி இருக்கும். “எத வேணா தொடுங்க சாப், ஹாரன மட்டும் தொடாதீங்க” என்று பாய் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். இன்னொன்று, டீசல் மீட்டர். முள் செத்துப்போய்க் காலியில் கிடந்தது. போட்டோ எடுத்தால் அசிங்கமாக இருக்குமே என்று, ஒரு சாயங்காலம் பாய் இல்லாத நேரத்தில் நானே கண்ணாடியைக் கழற்றி, முள்ளைத் தூக்கி ‘ஃபுல்’லில் வைத்து, ஒரு சொட்டு பசை விட்டு ஒட்டினேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

பங்குனி உத்திரம் வந்தது. கலாவும் என் அம்மாவும் விருந்தாளிகளை வரவேற்க மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். பாய் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, லாரி அடி அண்ணாமலைக்குள் நுழைந்தது. ஊரே வெளியே வந்து பார்த்தது. பின்பக்கம் இரண்டு வாழை மரம், மாவிலைத் தோரணம், இரண்டு நாற்காலி. பானெட்டில் திருநீற்றுப் பட்டை, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு, ஆளுயர மாலை.

மாமா பட்டு வேட்டியோடு வெளியே வந்தார். லாரியைப் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரை ஒரு உதை உதைத்தார். நான் தோளைக் கொஞ்சம் முன்னால் கொடுத்தபடி நின்றேன்.

மாமியாரிடம் திரும்பி, “பிரேக் புடிக்குதான்னு அவருகிட்ட கேளு” என்றார்.

மாமியார் என்னைக் கேட்கவில்லை. வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைத்தான் கவனித்தார்.

“இது இன்னாங்க, வண்டி இப்பிடிப் பாத்துகினு நிக்குது?”

“இப்பிடிப் போனாத்தாங்க அத்த மண்டபம் கிட்ட” என்றேன்.

“நல்ல நாளும் அதுவுமா, பௌர்ணமி அன்னிக்கு, மாலையும் கழுத்துமா மலைய எடமா சுத்திகினு போவாங்களா? சாவு வூடா இது? நான் ஏற மாட்டேம்பா.”

அண்ணாமலையாரை வலமாகத்தான் சுற்ற வேண்டும். மற்ற நாளில் மாமியாரே ஷேர் ஆட்டோவில் எந்தப் பக்கமாகவும் போவார். ஆனால் இது மற்ற நாளில்லை. தாலி, பூஜை சாமானோடு எங்கள்கூட மண்டபத்துக்குக் கிளம்பி நின்ற ஐயரும், “மாமி சொல்றது வாஸ்தவம்தான்” என்றுவிட்டார். ஆக, பக்கத்தில் இருக்கிற மண்டபத்துக்கு, குபேர லிங்கம், ஈசானிய லிங்கம், டவுன் என்று மலையின் அந்தப் பக்கமாகப் பெரிய சுற்றுச் சுற்றிப் போக வேண்டும்.

“டீசல் பத்துமா சாப்?” என்று கேட்டார் பாய்.

நான் குனிந்து மீட்டரைப் பார்த்தேன். “ஃபுல்லா இருக்கு பாய்.”

“அட, மீட்டர் வேல செய்யுதா! மாஷா அல்லா!” பாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கும்தான். (ஒட்டினவன் நான். மறந்தவனும் நான். இதற்கு மேல் என்னிடம் எதுவும் கேட்காதீர்கள்.)

ஆரத்தி, திருஷ்டிப் பூசணிக்காய், சொந்தக்காரர்கள் செல்ஃபி என்று கிளம்பும்போதே வெயில் ஏறிவிட்டது. கிரிவலக் கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது. ஊர் எல்லையில் போலீஸ் இரும்புத் தடுப்பு போட்டு எல்லா வண்டியையும் திருப்பிக்கொண்டிருந்தார்கள். சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அங்கே நின்ற இளம் போலீஸ்காரர் பச்சை லாரியைப் பார்த்ததும் விறைத்து நின்று ஒரு சல்யூட் அடித்தார். தடுப்பை அவரே இழுத்து வழிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னல் வழியாக நானும் பதில் சல்யூட் வைத்தேன்.

பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது: “எடது கையால சல்யூட் அடிக்கிறாரு பாரு சரோஜா.”

கூட்டத்துக்குள் லாரி ஊர்ந்தது. நடப்பவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். வாயு லிங்கம் தாண்டியது. குபேர லிங்கம் கண்ணில் தெரிகிற தூரத்தில் எஞ்சின் ஒரு விக்கல் விக்கியது. இன்னொரு விக்கல். அப்புறம் பெருமூச்சு விட்டுவிட்டு, நடுரோட்டில் நின்றது.

பாய் கீழே இறங்கி எதையோ தட்டினார். நானும் இறங்கி, தெரிந்த மாதிரி எதையோ தட்டினேன். பின்னாலிருந்து மாமா குதித்தார். மாலையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு குச்சியை ஒடித்து டீசல் டேங்குக்குள் விட்டு எடுத்தார். குச்சி காய்ந்திருந்தது. நேராக வந்து மீட்டரைப் பார்த்தார். முள் ஃபுல்லில் இருந்தது. கண்ணாடியைத் தட்டினார், முள் அசையவில்லை. நெற்றி ஒட்டுகிற அளவுக்குக் கண்ணாடிக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

“இத பசை போட்டு யாரு ஒட்னது?”

பாய் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். (அண்ணாமலையார் எதுவும் சொல்லவில்லை.) மாமா திரும்பிப் போய்ப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மாப்ள என்கிற சொல் இனி ஏழு ஜென்மத்துக்கும் இல்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

பாய் கேனைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் பங்கைத் தேடிக் கூட்டத்துக்குள் மறைந்தார். நான் டிரைவர் சீட்டில் ஏறி, முகத்தை ஸ்டியரிங்கில் புதைத்துக்கொண்டேன்.

நிமிர்ந்து பார்த்தபோது பானெட்டின் மேல் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

ஓர் ஆந்திரா அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பின்னால் அவர் குடும்பம், குடும்பத்துக்குப் பின்னால் பஸ்ஸில் கூட வந்தவர்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பட்டை, பொட்டு, மாலை, வாழை மரம், உள்ளே மந்திரம் முணுமுணுக்கிற ஓர் ஐயர், மாலையோடு ஒரு தம்பதி. வேறென்ன வேண்டும்?

“மலையச் சுத்தி எட்டு லிங்கம்னு சொன்னாங்களே, இது ஒம்போதாவதா?” என்று ஒருவர் என்னைப் பணிவாகக் கேட்டார்.

“லிங்கம் இல்லீங்க, லாரி” என்றேன்.

அவர் பக்தியோடு தலையாட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தார்.

“கற்பூரத்த கீழ வெய்ங்க! வண்டி மேல நெருப்பு வெக்காதீங்க!” மாமாவின் பட்டாளத்துக் குரல் முழங்கியது. கூட்டம் அப்படியே கீழ்ப்படிந்தது. “வரிச! வரிசையா நில்லுங்க!” வரிசையும் வந்துவிட்டது. அறுபதாம் கல்யாணத் தம்பதி என்று விஷயம் பரவியதும் இன்னும் மோசம். அப்படிப்பட்டவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்கினால் நல்லதாயிற்றே! பின்பலகையில் தலையை வைத்து ஒவ்வொருவராகக் கும்பிட, மாமாவும் மாமியும் ஓயாமல் அட்சதை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கலா போன் செய்தாள். “எங்க இருக்கீங்க?”

“குபேர லிங்கத்துக்கிட்ட.”

“ஐயோ, வரிசையில மாட்டிகினீங்களா?”

“வரிச நமக்குத்தான் நிக்குது கலா.”

“இன்னா பண்ணித் தொலச்சீங்க?” என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

பின்னால் ஐயர் தவிக்க ஆரம்பித்தார். “முகூர்த்தம் போயிண்டே இருக்கு. இது போனா அப்பறம் ராகு காலம் வந்துடும்.” கூட்டத்தில் பாயின் தலையைத் தேடினேன். தலைகளுக்குக் குறைவில்லை, பாய் தலைதான் இல்லை.

மாமா எழுந்து நின்றார். “இங்கயே கட்டிடுறேன். மல இருக்குது, சனம் இருக்குது, ஐயரு இருக்கீங்க. மண்டபம் எதுக்கு?”

ஐயர் சம்மதித்தார். தாலியை எடுத்தார். அப்போது மாமியார் பேசினார்.

“மேளம்?”

மாமா மேளத்தைத் தேடுகிறவர் மாதிரி கூட்டத்தைப் பார்த்தார். ரெட்டை மேளமும் மண்டபத்தில் காலி நாற்காலிகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தது.

“அன்னிக்கும் இப்பிடித்தான்” என்றார் மாமியார். “இத்தினி வருசமா நான் வெளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனச்சிகினியா? இன்னிக்காவது கேக்கும்னு இருந்தேன்.” முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை இறக்கிவிட்டார்கள். தார்பாய்க்கும் கேபினுக்கும் நடுவில் இருந்த சின்ன ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அம்மாவுக்கு இரண்டாவது தடவையும் ஊமைக் கல்யாணம். அதற்கு ஒரு சொட்டுப் பசையும் நானும்தான் காரணம்.

மாமா தாலியைக் கையில் வாங்கினார். அந்தச் சின்ன ஜன்னலைப் பார்த்தார். அதில் தெரிந்த என் முகத்தையும் பார்த்தார்.

“மாப்ள! ஹாரன அடி!”

எனக்கு ஒரு கணம் காது கேட்கவில்லை. பின்னால் திரும்பி, டிராக்டர்காரர் யாராவது வந்துவிட்டாரா என்று பார்த்தேன். (சத்தியமாகப் பார்த்தேன்.)

“உன்னத்தான் மாப்ள! அடி!”

அடித்தேன். பாய்க்குச் செய்து கொடுத்த சத்தியம் காற்றில் போயிற்று. அந்த எருமைச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. மரத்தில் இருந்த குரங்குகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. யாரோ “அண்ணாமலையாருக்கு!” என்று குரல் கொடுக்க, அந்த ரோடு முழுக்க “அரோகரா!” என்றது. நாலு பக்கமிருந்தும் அட்சதைக்குப் பதில் உதிரிப்பூவும் திருநீறும் கற்கண்டும் வந்து விழுந்தன. மாமா முடிச்சுப் போட்டார். மாமியார் அழுதுகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

மூணு முடிச்சும் விழுந்தது. ஹாரன் நிற்கவில்லை. ஐயர் கையால் என்னென்னவோ சைகை காட்டினார். நான் ஓடிப்போய் பானெட்டைத் திறந்து, கையில் கிடைத்த வயரையெல்லாம் பிடுங்கினேன். ஹாரன் வயரைத் தவிர மற்ற எல்லாம் வந்தது. பாய் டீசல் கேனோடு திரும்பி வருகிறவரைக்கும் கெட்டிமேளம் முழங்கிக்கொண்டே இருந்தது. தூரத்திலிருந்தே சத்தம் கேட்டு, “தொடாதேன்னு சொன்னேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டே ஓடி வந்தார்.

கூடவே ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் வந்தார். மிலிட்டரி வண்டி ஏன் ஒப்பாரி வைக்கிறது என்று பார்க்க வந்தவர், விஷயம் தெரிந்ததும் முதலில் சிரித்தார், அப்புறம் முறைத்தார். “இந்தப் பச்ச கலர பட்டாளத்து வண்டிக்குத்தான் அடிக்கலாம். தெரியாதா உனக்கு?” எனக்கு நிஜமாகவே தெரியாது. “தெரியாம பண்ணிட்டாரு சார். நாள் முடிஞ்சதும் மாத்திடுவாரு. என் மாப்ளதான், நான் பொறுப்பு” என்றார் மாமா. அபராதம் போட்டிருந்தால்கூடச் சந்தோஷமாகக் கட்டியிருப்பேன். சப்-இன்ஸ்பெக்டர் மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கி வழி செய்து கொடுத்தார்.

பிடுங்கிய வயரையெல்லாம் மாட்டி, டீசல் குழாயில் புகுந்திருந்த காற்றை எடுத்துவிட்டு, நாங்கள் மண்டபத்தைச் சேர்ந்தபோது கடைசிப் பந்திக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ரெட்டை மேளக்காரர்கள் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கலா வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் என் அம்மா, அந்த அச்சில் போட முடியாத பெயரோடு தயாராக நின்றாள்.

மாமா இறங்கினார். “மாப்ளய யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க” என்றார். கலாவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

லாரிக்கு இப்போது மஞ்சள் கலர். என் கடை வாசலில் நிற்கிறது, வெளிநாட்டுக்காரர்கள் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். டீசல் மீட்டர் முள்ளை மாமாவே கத்தியால் சுரண்டிக் காலிக்குக் கொண்டுவந்துவிட்டார். குபேர லிங்கத்துப் பக்கம் கற்பூரம் விற்கிற அம்மா மட்டும், பௌர்ணமிக்குப் பௌர்ணமி யாராவது ஆந்திராக்காரர்கள் அந்தப் பச்சை சாமி எங்கே என்று கேட்பதாகச் சொல்கிறார்.

ஆனால் என்னால் இனி எந்தக் கல்யாணத்திலும் நிம்மதியாக உட்கார முடியாது. போன தையில் கலாவின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். மேளக்காரர்கள் கோலை ஓங்கினார்கள். மண்டபத்தில் இருந்த சொந்தக்காரர்களில் ஒருவர்கூட மணமேடையைப் பார்க்கவில்லை, எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். மாமியார் முன்னெச்சரிக்கையாக இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். வேறு வழியில்லாமல், கர்சீப்பால் வாயை மறைத்துக்கொண்டு, “பாம்” என்றேன்.

பக்கத்து நாற்காலியிலிருந்து மாமா என் தொடையில் தட்டினார்.

“சத்தம் பத்தல மாப்ள.”